அப்பாவுக்கு மின்னோட்டத்தைக் கூட்டலாமா?

வணக்கம். உங்களுக்குப் பலன் தந்ததாக நீங்கள் கருதும் அதே 2 மில்லிஆம்பியர் மூளைத் தூண்டல் கருவியால் (தலையில் மின்முனைகளை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துவது), 74 வயதான உங்கள் அப்பாவின் மறதியில் மாற்றமே இல்லை என்றும், 4 மில்லிஆம்பியர் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

கருவியின் திரையில் தெரியும் எண், தோலுக்குள் நுழையும் மின்னோட்டத்தின் அளவே தவிர மூளையைச் சென்றடையும் அளவு அன்று. வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்கி, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையிலுள்ள மூளைத் தண்டுவடத் திரவம் கூடுகிறது. உப்புக் கலந்த அந்தத் திரவம் மூளைத் திசுவைவிடப் பல மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துவதால், கரை உடைந்த வாய்க்கால் நீர் பயிருக்குப் போகாமல் பள்ளத்தில் பாய்வதைப் போல, மின்னோட்டத்தில் கணிசமான பங்கு நரம்பணுக்களை எட்டாமல் பக்கவாட்டில் சென்றுவிடுகிறது. எம்ஆர்ஐ படங்களைக் கொண்டு செய்யப்படும் கணினிக் கணக்கீடுகளும் சுருங்கிய மூளையில் மின்புலம் தளர்வதையே காட்டுகின்றன.

அதற்காக இரட்டிப்பாக்குவது சரியான கணக்காகாது. சுருக்கம் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் வேறுபடும். கூட்டிய மின்னோட்டத்தை முதலில் தாங்குவதோ முதியவரின் மெலிந்த தோல். மின்முனைப் பஞ்சின் ஓரம் காய்ந்திருந்தாலே அங்கே புண்ணாகிவிடக்கூடும்.

மருந்துச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். கார்பமாசெபைன் போன்ற வலிப்பு மருந்து நேர்முனைத் தூண்டலின் (நேர்மின்முனையைக் குறித்த மூளைப் பகுதிக்கு மேல் வைத்துத் தூண்டுவதன்) விளைவை மங்கச் செய்யும். ஆனால் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 குறைபாடும் தைராய்டு கோளாறும் கூட மறதியைத் தரும் என்பதால், அந்த இரத்தப் பரிசோதனைகளை முதலில் முடித்துக்கொண்டு, கருவியைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.