டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் சூடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சூடு பற்றியவை. கேட்டவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே வெல்டிங் பட்டறை வாசலில் நிற்கிறார்கள் போல. கொஞ்சம் பொறுங்கள்.

ஆர்எக்ஸ் 100 அடிக்கடி ஜாம் ஆகிறது. சிலிண்டரைச் சுற்றி வாட்டர் ஜாக்கெட் வெல்டிங் பண்ணி, சின்ன ரேடியேட்டர் வைக்கலாமா? (ஈரோடு)

வைக்கலாம், ஆனால் பயன் இருக்காது. உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ், வெளியே அலுமினியம். வெல்டிங் சூட்டில் போர் (பிஸ்டன் ஓடும் துளை) கோணிக்கொள்ளும். 98 சிசி, 11 குதிரைத்திறன் கொண்ட இந்த இன்ஜினுக்குக் காற்றே போதும் என்றுதான் யமஹா அதை வடிவமைத்தது. மாற்றம் எதுவும் செய்யாத வண்டி ஜாம் ஆகிறதென்றால், அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றுவிடுகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோல் குறைவைத்தான்.

பிஸ்டனைக் கழற்றிப் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்திருந்தால், பெரும்பாலும் கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. எங்கிருந்தோ கள்ளக்காற்று உள்ளே போகிறது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஐடில் இறங்க அடம்பிடித்தால் மேக்னட் பக்க ஆயில் சீலை (கிராங்க் தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம்) பாருங்கள். வெள்ளைப் புகையோடு கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் அது கிளட்ச் பக்க சீல். உறுதிப்படுத்த, இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பரால் அடைத்து, கேஜ் உள்ள கைப்பம்பால் சுமார் 6 பிஎஸ்ஐ காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். சில நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இதற்கு மேல் அழுத்தம் கொடுத்தால் நல்ல சீலும் பிதுங்கி வந்துவிடும்.

கசிவே இல்லையா? அப்படியானால் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் சிறு துளையான ஜெட்டைப் பாருங்கள். இப்போது பங்கில் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும் என்பதால், பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை மெலிந்துபோகும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றி, முழு ஆக்சிலரேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்படியே இன்ஜினை ஆஃப் செய்து பிளக்கைப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் இன்னொரு சைஸ்.

கொல்லிமலை ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் ஜாம் ஆனது! (நாமக்கல்)

ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே 2டி ஆயில் கலக்கிறீர்கள், இல்லையா? கேள்வியில் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலரேட்டரை மூடி, இரண்டாம் கியரில் இன்ஜின் பிரேக் பிடித்தபடி இறங்கினால், ஆர்பிஎம் ஏறி நிற்கும், பெட்ரோல் வராது. பெட்ரோல் வராவிட்டால் அதில் கலந்த ஆயிலும் வராது. பம்ப் இருந்தால் அது ஆர்பிஎம்மையும் பார்த்து ஆயில் தரும். அதைத் திரும்ப மாட்டுவதே நல்லது. அதுவரை, இறங்கும்போது கிளட்சைப் பிடித்து அவ்வப்போது ஒரு முறுக்கு முறுக்குங்கள்.

ஆயிலைக் கூடுதலாக ஊற்றினால் இன்ஜின் கூலாக இருக்குமா? (மதுரை)

அளவுக்கு மேல் போனால் எதிர்விளைவு. ஜெட் வழியே வரும் திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், கலவை மெலியும். லிட்டருக்கு 30 மில்லி சாதாரண ஓட்டத்துக்குப் போதும்.

துபாயில் யமஹா பிளாஸ்டர் ஏடிவி வைத்திருக்கிறேன். ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றிய பிறகு மணல் மேட்டில் துடிப்பாக ஏறுகிறது, ஆனால் கொதிக்கிறது. கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு வைக்கலாமா?

துடிப்பாக ஏறுவதற்கும் கொதிப்பதற்கும் காரணம் ஒன்றேதான். ஏர்பாக்ஸ், அதாவது ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியை எடுத்ததும் காற்று கூடியது; ஜெட் பழையது. பிளாஸ்டர் 195 சிசி ஏர் கூல்டு வண்டி. மணலில் வேகம் குறைவு, சுமை அதிகம், எதிர்க்காற்றும் இல்லை. பெரிய ஜெட் போடாமல் மூடியைத் தொட்டிருக்கக் கூடாது. மூடியில்லாமல் ஓட்டினால் ஃபில்டரில் மணல் சீக்கிரம் ஏறும், தினமும் பாருங்கள்.

கம்ப்யூட்டர் ஃபேன் தள்ளும் காற்று, சிலிண்டரின் ஃபின்களுக்கு (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) நடுவே நுழையாது. பழைய பஜாஜ் சேட்டக்கைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் ஃபேனைவிட முக்கியம் சிலிண்டரைப் போர்த்தியிருக்கும் உறை. காற்றை வேறு வழியில்லாமல் ஃபின் இடுக்கில் போக வைப்பது அதுதான். உறை இல்லாத ஃபேன் கரண்டைத்தான் தின்னும். மணலில் தினமும் கசக்கப்போகிறீர்கள் என்றால், அதே கம்பெனியின் பான்ஷீ 350 பிறப்பிலேயே வாட்டர் கூல்டு. பிளாஸ்டரில் செலவழிப்பதைவிட அதைத் தேடுங்கள்.

சைலன்சரின் உள்ளே இருப்பதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டால் பவர் கூடுமா? (திருப்பூர்)

சத்தம் கூடும். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வயிறும் அதற்குப் பின்னால் குறுகும் கூம்பும், அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகின்றன. கூம்பை வெட்டினால் அந்தப் பெட்ரோல் ரோட்டில்தான் போகும். பிடிபட்டால், வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ம் இருக்கிறது.

எக்ஸாஸ்ட் போர்ட்டை எவ்வளவு அகலப்படுத்தலாம்? (கோவை)

புகை வெளியேறும் அந்த சிலிண்டர் வாசலின் அகலம், போர் விட்டத்தில் 70 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் பிஸ்டன் ரிங் அதற்குள் பிதுங்கி மாட்டிக்கொள்ளும். ராவிய பிறகு விளிம்பைக் கட்டாயம் மழுக்குங்கள்.