1972 மியூனிக் ஒலிம்பிக் 10 மார்க் நாணயம் செல்லாக்காசா?

உங்கள் தந்தை விட்டுச்சென்ற, ‘இன் டாய்ச்லான்ட்’ என்று பொறித்த 10 மார்க் நாணயத்தை வங்கி ஏற்க மறுத்ததாகச் சொல்லி, யூரோவுக்கு முன் ஜெர்மனியில் புழங்கிய அந்த மார்க் இப்போது செல்லாக்காசா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, ஜெர்மனியின் மைய வங்கியான புண்டெஸ்பாங்க், 1 யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற மாறா விகிதத்தில் மார்க் நாணயங்களைக் காலவரம்பின்றி மாற்றித் தருவதால், உங்கள் 10 மார்க் நாணயத்துக்கு 5.11 யூரோ நிச்சயம் கிடைக்கும். மார்க்கின் சட்டச் செலாவணி 2001 டிசம்பர் 31 அன்றே முடிந்துவிட்டதால்தான், நீங்கள் அணுகிய சாதாரண வங்கி அதை மறுத்திருக்க வேண்டும்.

ஆனால் அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். அது 62.5 சதவீத வெள்ளி, எடை 15.5 கிராம் என்பதால் ஏறத்தாழ 9.7 கிராம் தூய வெள்ளி அதில் இருக்கிறது. நகைக்கடைத் தராசில் நிறுத்து, காந்தத்தில் ஒட்டவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டு, அன்றைய வெள்ளி விலையோடு 5.11 யூரோவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட ‘இன் டாய்ச்லான்ட்’ (ஜெர்மனியில்) என்ற வாசகம் அச்சுப்பிழையன்று; கிழக்கு ஜெர்மனியின் எதிர்ப்புக்குப் பின்னரே அது ‘இன் மியூன்ஷென்’ (மியூனிக்கில்) என மாற்றப்பட்டது. வரலாற்றுச் சுவை மிக்கதுதான், எனினும் 1 கோடி நாணயங்கள் வெளிவந்ததால் அரியதன்று. தயவுசெய்து புளி, பற்பொடி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். சேகரிப்பாளர் தரும் விலை அதிலேயே குறைந்துவிடும்.