லாட்ஜ் வேலைக்கு ஏன் ஆள் நிற்பதில்லை?

பல ஊர்களில் ஹோட்டல் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் வேலைவாய்ப்புச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.

திருவண்ணாமலையில் 24 அறை லாட்ஜ் நடத்துகிறேன். உள்ளூர்ப் பையன்கள் வருவதே இல்லை. பீகார், ஒடிசா பையன்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போனால் திரும்புவதில்லை. என்ன செய்வது?
– லாட்ஜ் உரிமையாளர்

தமிழ்நாட்டில் ராமேஸ்வரம் முதல் ஊட்டி வரை இதே புலம்பல்தான் சார். 2020 ஊரடங்கில் ஊருக்குப் போனவர்களில் பலர் வேறு தொழிலுக்கு மாறிவிட்டார்கள். உள்ளூர்ப் பையனுக்கு டெலிவரி பைக் இருக்கிறது. அங்கே ‘டேய், ரூமுக்குத் தண்ணி கொண்டு போ’ என்று யாரும் அதட்டுவதில்லை. சம்பளம் மட்டும் காரணமில்லை என்பது என் கட்சி.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிவலம் முடித்துத் தூங்கியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காலி செய்வார்கள். அடுத்த குடும்பம் பையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். விரிப்பும் தலையணை உறையும் மாற்றி, குளியலறை ஜல்லடையில் சிக்கிய முடியை எடுத்து, கழிவறை தேய்த்து, டவல் எண்ணி, ஏ.சி. ரிமோட் இருக்கிறதா என்று பார்த்து வெளியே வர ஓர் அறைக்கு அரை மணி நேரமாவது வேண்டும். பெரிய ஹோட்டலிலேயே ஒரு ஷிப்டுக்கு ஒருவருக்கு 14, 15 அறைதான். உங்களிடம் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டே பேர், நடுவில் டீ வாங்கவும் அவர்களே ஓட வேண்டும் என்றால், பண்டிகை வெறும் சாக்கு.

அவர்கள் எங்கே படுக்கிறார்கள்? பல லாட்ஜ்களில் மொட்டை மாடித் தகரக் கொட்டகைதான். நடுராத்திரி பஸ் இறங்கி வருகிறவருக்குக் கதவு திறப்பதும் அதே பையன். ஓர் அறையை ஆட்களுக்கென்றே ஒதுக்குங்கள். வாடகை போகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள். சுத்தம் செய்ய, காலை 8 முதல் மாலை 4 வரை பக்கத்துத் தெருப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு வீடு திரும்பலாம் என்றால் வருவார்கள். பௌர்ணமிக்கு மட்டும் தினக்கூலிக்குக் கூடுதல் ஆள். பிரேக் ஷிப்ட் வேண்டவே வேண்டாம். காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம் என்றால், பஸ்ஸில் வருகிறவள் நடுவில் எங்கே போவாள்?

பிளஸ் டூ முடித்த மகன் கேட்டரிங் படிக்க ஆசைப்படுகிறான். ‘எச்சில் தட்டு எடுக்கவா படிக்க வைத்தேன்’ என்கிறார் அவன் அப்பா. சேர்க்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

சேருங்கள் அம்மா. தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனமும், திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனமும் இருக்கின்றன. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்பில் சேர்வதற்கான தேசிய அளவிலான என்.சி.எச்.எம். நுழைவுத் தேர்வை எழுதச் சொல்லுங்கள். தனியார் கல்லூரி என்றால் பளபள கிச்சனைப் பார்த்து மயங்க வேண்டாம். போன வருட மாணவர்கள் எந்த ஹோட்டலில் பயிற்சி எடுத்தார்கள், பயிற்சிக் காலத்தில் என்ன ஸ்டைபண்ட் (உதவித்தொகை) வாங்கினார்கள் என்று கேளுங்கள். அப்பாவிடம் மறைக்காதீர்கள்: டிரெய்னியாக இருக்கும்வரை தட்டும் எடுப்பான், வெங்காயமும் உரிப்பான். அதற்குச் சம்மதமா என்று பையனிடமும் கேட்டுவிடுங்கள்.

செக்-இன் எல்லாம் செல்போனுக்கு வந்துவிட்டது. பி.காம். படித்த என் தங்கைக்கு ரிசப்ஷன் வேலை நிலைக்குமா?
– வாசகர், நாகர்கோவில்

லெட்ஜர் எழுதுகிற வேலை போய்விட்டது. ஒரே அறையை இரண்டு ஆப்கள் விற்றுத் தொலைத்தால், வாசலில் நிற்கிற குடும்பத்தைச் சமாதானப்படுத்த ஆள்தான் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் ‘ஃபார்ம் சி’ பதிய வேண்டும். பி.காம். என்பதால், அன்றைய பில்களையும் வரவையும் இரவில் சரிபார்த்துக் கணக்கு முடிக்கும் நைட் ஆடிட் கற்றுக்கொண்டால் நல்லது. 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. இப்படி ஒன்று மாறினால் பில் முழுவதையும் சரிபார்க்கத் தெரிந்தவரை முதலாளி சுலபத்தில் விடமாட்டார்.

சாப்பாடும் தங்குமிடமும் தருவதால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது என்கிறார் முதலாளி. சரியா?
– ரூம் பாய், மதுரை

தப்பு தம்பி. 20 பேர் வேலை பார்த்தால் பி.எஃப். உண்டு. 10 பேர் இருந்தால், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு; உன் பங்கு 0.75 சதவீதம், அவர் பங்கு 3.25. காண்ட்ராக்டில் வந்தவர்களையும் சேர்த்துத்தான் தலை எண்ண வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் மட்டும் நடக்கிறது என்றால் உன் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கு. பணம் கட்டினாரா என்று போனிலேயே பாஸ்புக்கில் பார்த்துவிடலாம்.