ரமலான் நோன்பு: ஹஸ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டவை

கேள்வி: மறதியில் தண்ணீர் குடித்துவிட்டேன். நோன்பு முறிந்துவிட்டதா?

பதில்: இல்லை. மறதியாக உண்டவருக்கு அல்லாஹ்வே உண்ணவும் பருகவும் கொடுத்தான் என்பது நபிமொழி. நோன்பைத் தொடருங்கள்.

கேள்வி: பற்பசையால் பல் துலக்கலாமா?

பதில்: விழுங்காவிட்டால் முறியாது. பஜ்ருக்கு (விடியல் தொழுகை நேரத்துக்கு) முன்பே துலக்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68, இன்சுலின் போடுகிறார். ஒரு நோன்பையும் விட மறுக்கிறார். நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் உடல் நடுங்கி வியர்த்துக் கொட்டியது. மக்ரிப் (நோன்பு திறக்கும் நேரம்) வரை படுத்தே கிடந்தார்.

பதில்: நேற்று அந்த நேரமே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். நோன்பைக் கடமையாக்கும் வசனங்களிலேயே நோயாளிக்கு விலக்கும் இருக்கிறது. குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 185ஆம் வசனத்தில் “அல்லாஹ் உங்களுக்கு எளிதையே நாடுகிறான்” என்று வருகிறது. அதை அம்மாவுக்கு ஓதிக் காட்டுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே விட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. பாங்குக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தாலும் காத்திருக்காதீர்கள். குணமாக வாய்ப்பில்லாத நோய் என்றால் நாளுக்கு ஓர் ஏழைக்கு ஃபித்யா (நோன்புக்குப் பகரமான உணவு): ஷாஃபி சட்டப் பள்ளியில் ஒரு ‘முத்து’ (இரு கை நிறைய அள்ளும் அளவு) தானியம், ஹனஃபி சட்டப் பள்ளியில் ஃபித்ரா (பெருநாள் தர்மம்) அளவு. அதுவும் இபாதத்தான் (வணக்கம்தான்). மருத்துவரைக் கேட்காமல் ஊசியின் அளவை மாற்றாதீர்கள்.

கேள்வி: இன்சுலின் ஊசி நோன்பை முறிக்குமா?

பதில்: முறிக்காது என்பதே இன்றைய ஆலிம்களில் பெரும்பாலோரின் கருத்து. மறுபடியும் சொல்கிறேன்: அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

கேள்வி: விடியல் பாங்கு சொல்லும்போது கையிலிருக்கும் தேநீரைக் குடித்து முடிக்கலாமா? முடிக்கலாம் என்று அபூதாவூத் தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறதே.

இன்னொருவர்: எங்கள் மஹல்லாவில் பத்து நிமிடம் முன்பே ஸஹர் (விடியலுக்கு முந்தைய உணவு நேரம்) முடிந்தது என்கிறார்கள். அதற்குப் பின் குடித்தாலே நோன்பு கூடாதாம்!

பதில்: இருவரும் எல்லையைத் தவறவிடுகிறீர்கள். எல்லை பஜ்ர் நேரம்தான். வெள்ளை நூல் (விடியல் வெளிச்சம்) கறுப்பு நூலிலிருந்து (இரவின் இருள்) தெளிவாகும்வரை உண்ணுங்கள் என்கிறது அல்பகரா 187. பத்து நிமிடம் முன்பே நிறுத்துவது பேணுதல் (முன்னெச்சரிக்கை). அதைக் கடமையாக்க யாருக்கும் உரிமையில்லை. கோப்பை ஹதீஸை அறிஞர்கள் பலர் பஜ்ருக்கு முந்தைய பாங்கோடு பொருத்துகிறார்கள். நபியவர்களுக்குப் பாங்கு சொன்ன இருவரில் பிலால் இரவிலேயே பாங்கு சொல்வார், இப்னு உம்மி மக்தூம் சொல்லும்வரை உண்ணுங்கள் என்று நபியவர்கள் சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆகவே பஜ்ர் நுழைந்ததும் கோப்பையை வைத்துவிடுங்கள்.

முதலாமவர்: கையில் இருக்கும்போது என்று தெளிவாக இருக்கிறதே, ஹஸ்ரத்?

பதில்: இருக்கிறது. எந்தப் பாங்கு என்பதில்தான் பேச்சே. ஒரு மிடறுக்காக ஒரு நாள் நோன்பைச் சந்தேகத்தில் விடாதீர்கள்.

கேள்வி: நிய்யத்தை (நோன்பு நோற்கும் எண்ணத்தை) இரவே வைக்க வேண்டுமா?

பதில்: ஷாஃபியில் ஒவ்வோர் இரவும். ஹனஃபியில் ரமலான் நோன்புக்கு முற்பகல் வரை இடமுண்டு.

கேள்வி: பிறை எப்போது?

பதில்: உங்கள் ஊர் காஜியிடம் கேளுங்கள்.

கேள்வி: பற்பசை பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டாவது முறை. மேலே படியுங்கள்.

கேள்வி: நான் இந்து. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை வாங்கலாமா?

பதில்: தாராளமாக. தூக்குவாளியோடு வாருங்கள்.

கேள்வி: ஹஸ்ரத், அம்மா இன்றும் நோன்பு பிடித்திருக்கிறார். இப்போது தலைசுற்றுகிறது என்கிறார்.

பதில்: படிப்பதை நிறுத்துங்கள். சர்க்கரை அளவை இப்போதே பாருங்கள். 70க்குக் கீழே என்றால் சர்க்கரைத் தண்ணீரை நீங்களே கையில் கொடுங்கள். கருவி இல்லை என்றாலும் கொடுங்கள். பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கழாவைப் (விட்ட நோன்பைப் பின்னர் நோற்பதை) பற்றி நாளை பேசலாம்.