பெட்டிக்கு முன்னாலும் பின்னாலும்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற இவர், இலங்கை ஹட்டன் நகரத்தில் 34 வருடம் டிவி திருத்தியவர். இப்போது கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் டிவி நாடகம் பார்க்கிறார். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே நாடகத்தைப் பற்றியவை.)

கேள்வி: அண்ணே, அம்மா பார்க்கிற நாடகத்தில் கடைசியில் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். வில்லி மாட்டுவாள், மருமகள் ஜெயிப்பாள். தெரிந்த கதையைத் தினமும் உட்கார்ந்து பார்ப்பது எதற்கு?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, மாசி மாதம் உங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுகிறார்களா? கம்பம் ஊன்றிய அன்றைக்கே மன்மதன் எரியப்போகிறான் என்று தோட்டம் முழுக்கத் தெரியும். போன வருடமும் எரிந்தான், அடுத்த வருடமும் எரிவான். ஆனாலும் விடியப்புறம் பனியில், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கிழவிகள் நின்று பார்ப்பார்கள். எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டியவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு மாமா. பகலில் பீடியும் கையுமாகத் திரிகிற மனுஷன். புலம்பல் தொடங்கினால் தப்பு அடிக்கிறவர்கள் கையை நிறுத்திவிடுவார்கள். நெற்றிப் பொட்டை ஒரே விரலால் தேய்த்து அழிப்பார். அவசரமே பட மாட்டார். அந்த விரல் நெற்றியை விட்டு இறங்கும்வரை யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

முடிவு தெரிவது குற்றமில்லை. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். மன்மதனைப் போகாதே என்று தடுத்தவள் ரதி. கெட்ட கனவு கண்டதைச் சொன்னவளும் அவள்தான். கடைசி ராத்திரி அவள் அழும்போது அந்தத் தடுத்த பேச்சும் சேர்ந்து வருகிறது. நாடகத்தில் அப்படியா? திங்கட்கிழமை பாலில் விஷம் கலந்த மாமியார், வெள்ளிக்கிழமை அதே டம்ளரில் பால் கொண்டுவந்து கொடுக்கிறார். மருமகள் வாங்கிக் குடிக்கிறாள்! அவளுக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாதா? நேற்றுப் பட்டது இன்றைக்கு முகத்தில் இல்லையென்றால் அவள் மனுஷி இல்லை, சேலை கட்டிய பொம்மை. அம்மாவிடம் ஒரு நாள் இதைக் கேட்டுப் பாருங்கள். 'அது எனக்கும் தெரியும்டி, பேசாம பாரு' என்பார்.

கேள்வி: ஐயா, எட்டு எபிசோடில் முடிகிற வெப் சீரிஸ் எல்லாம் வந்துவிட்டது. இன்னும் ஆயிரம் எபிசோட் இழுவைக்கு நீங்கள் வக்காலத்து வாங்குவது சரியா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, நீளத்தைத் திட்டாதீர்கள், இழுவையைத் திட்டுங்கள். இரண்டும் வேறு. இந்தியாவின் சன் டிவியில் 'கோலங்கள்' 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில்தான் முடிந்தது. மொத்தம் 1533 எபிசோட். அந்த ஆறு வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, என் மகனின் சாதாரண தரப் பரீட்சை எல்லாம் நடந்து முடிந்தன. தேவயானி நடித்த அபி என்ற பெண்ணும் கூடவே இருந்தாள். வீடு கட்டும் தொழில் செய்கிறவள், வாரத்துக்கு ஒரு இடி விழுகிறவள். எட்டு எபிசோடில் ஒரு ஆளைத் தெரிந்துகொள்ளலாம். அவளோடு சேர்ந்து வயசாக முடியாது.

அந்த நாடகம் தொடங்கிய காலத்தில் நம் நாட்டு மணி இந்தியாவை விட அரை மணி முன்னால் ஓடியது. அங்கே ஒன்பது என்றால் இங்கே ஒன்பதரை. விடிந்ததும் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போகிற பெண்களுக்கு அந்த அரை மணி பெரிய விஷயம். 2006 ஏப்ரலில் மணியைத் திருப்பி வைத்தபோது, 'இனி அரை மணி முன்னாடியே படுக்கலாம்' என்று என் கடைக்கு வந்த ஒரு அக்கா சந்தோஷப்பட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இழுவைக்கு வருகிறேன். ஒரு தடவை கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் ஒருவர் 'நிறுத்துங்க!' என்கிறார். அப்புறம் ஏழு பேர் முகம், ஒவ்வொரு முகமும் மூன்று தடவை, நடுவில் தாலிக்கு ஒரு தடவை, ஐயருக்கு ஒரு தடவை. ஒரு நிமிடம் நாற்பது வினாடி. நிறுத்தச் சொன்னவர் யார் என்பதை அடுத்த நாள்தான் காட்டினார்கள்.

ஆனால் இந்த இடியும் மின்னலும் ஏன் என்று தொழில்காரனாக எனக்கு ஒரு நாள் புரிந்தது. டிக்கோயா பக்கம் ஒரு லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) தட்டை டிவி ஒன்று கொண்டுவந்தார்கள். பின்னால் எரிகிற விளக்கு போய்விட்டது, சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பு. 'எப்போது பழுதானது?' என்றேன். 'மூணு வாரம் இருக்கும்' என்றார் அந்த அம்மா. 'மூன்று வாரமாக நாடகம் பார்க்கவில்லையா?' என்றால், 'ஏன் பார்க்காம, தினமும் பார்த்தோமே' என்கிறார்! அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். யார் வந்தது, யார் அழுதது, யார் ஒளிந்து நின்று கேட்டது என்று ஒன்று விடாமல் எனக்குக் கதை சொன்னார். நாடகக்காரர்களுக்கு இது தெரியும். பார்க்கிறவள் பாதி நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் ஒருவரையொருவர் பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், 'டமார்' என்று அடித்து, நிமிர்ந்து பார் என்கிறார்கள். நீங்கள் காதில் இயர்போனும் மூக்குக்கு நேரே போனுமாகப் பார்க்கிறவர். உங்களுக்கு அந்த 'டமார்' தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுதிப்போட்டு ஆளை மாற்றுகிறார்களே, பார்க்கிறவர்களை அவ்வளவு மடையர்கள் என்று நினைக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, நுவரெலியா

பதில்: பல தடவை அப்படித்தான் நினைக்கிறார்கள், டீச்சர். சம்பளத் தகராறோ, வேறு நாடகமோ, ஆள் போனால் பலகையைக் கழற்றிப் புதுப் பலகை மாட்டுகிற மாதிரி. ஆனால் 'எதிர்நீச்சல்' விஷயம் வேறு. ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று இறந்துபோனார். அப்புறம் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார். நல்ல நடிகர்தான். ஆனாலும் என் வீட்டுக்காரி, அந்த அநியாயக்கார மனுஷனை ஒன்றரை வருடம் வாய் ஓயாமல் திட்டியவள், அன்றைக்கு டிவியை நிறுத்திவிட்டு விளக்கேற்றினாள். 'நல்லாத் திட்ட வச்சாரு, பாவம்' என்றாள். ஒரு வில்லனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

கேள்வி: மாமியார் என்னை நாடக மருமகளோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம் என்றவர், கொட்டகலை

பதில்: அந்த மருமகள் ஒரு நாளாவது பாத்திரம் கழுவிப் பார்த்தீர்களா என்று பணிவாகக் கேளுங்கள் மகள். பட்டுச் சேலையோடு படுத்து, பட்டுச் சேலையோடு எழும்புகிறவள் அவள். சமையல் செய்வாள், சட்டி கழுவ மாட்டாள். மாமியாருக்கே சிரிப்பு வரும். வராவிட்டால் ரிமோட் பேட்டரியைக் கழற்றி வைக்க ஒரு வழி இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

கேள்வி: இத்தனை வருடத்தில் நீங்கள் பார்த்த பாத்திரங்களில் மனசை விட்டுப் போகாதது யார்?
– வாசகர், பொகவந்தலாவ

பதில்: யோசிக்கவே வேண்டாம். 'ஓஷின்'. ஜப்பான் நாடகம். 1983 ஏப்ரலிலிருந்து ஒரு வருடம் அங்கே ஓடியது. பதினைந்து பதினைந்து நிமிடமாக 297 எபிசோட். எழுதியவர் ஹஷிதா சுகாகோ என்ற பெண்மணி. அப்புறம் நம் அரசாங்க டிவி ரூபவாஹினியிலும் போட்டார்கள். அப்போது எங்கள் லயங்களுக்குக் கரண்ட் இல்லை. கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று, கார் பேட்டரியில் ஓடும். பேட்டரியைத் தலையில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டுவருவது என் வேலை. அப்படித்தான் எனக்கு இந்தத் தொழிலே பிடித்தது. பேட்டரி இறங்க இறங்கப் படம் சுருங்கும். நாலு பக்கமும் கறுப்பு ஓரம் வந்து, கடைசியில் ஓஷின் ஒரு உள்ளங்கை அளவுக்கு வந்துவிடுவாள்.

தமிழில் இல்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்புகிறார்கள் என்பதற்கு மொழி எதற்கு? பனி கொட்டுகிறது, சின்னப் பிள்ளை முதுகில் இன்னொரு சின்னப் பிள்ளையைக் கட்டிச் சுமக்கிறாள். அன்றைக்கு இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், இருபது பேராவது இருந்தோம். லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் இருந்த அத்தை வாசற்படியில் நின்று பார்த்தது. அதன் மூத்த பிள்ளை கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றது. 'அந்தப் புள்ளைக்கு எத்தன வயசு?' என்று என்னிடம் கேட்டது. ஏழு என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, கையைக் கழுவாமல் கொழுந்துக் கறையோடேயே, 'தம்பி, ஒரு கடுதாசி எழுதித் தா' என்றது. பொங்கலுக்குப் பிள்ளையை அனுப்பி வையுங்கள் என்று எழுதினேன். பொங்கலுக்கு வரவில்லை, தீபாவளிக்குத்தான் வந்தது. திரும்பிப் போகவில்லை.

அந்த நாடகத்தில் முதலில் வருவதே கிழவி ஓஷின்தான். கடை கண்ணி, பிள்ளை குட்டி என்று பெரிய குடும்பம். புதுக் கடை திறக்கிற நாளில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிப் பழைய இடங்களைத் தேடிப் போகிறாள். அங்கிருந்துதான் கதை பின்னால் போகிறது. பாட்டி கொடுத்தனுப்பிய ஒரு வெள்ளிக் காசுக்காக அவளைத் திருடி என்று சொன்னதை அவள் மறக்கவில்லை. பணக்காரியான பிறகும் அந்தக் காசு உள்ளே கிடக்கிறது. முதல் பதிலில் ஞாபகம் ஞாபகம் என்று கத்தினேனே, அது இதுதான்.

கேள்வி: மாமா, நான் உயர்தரம் படிக்கிறேன். நம்மைப் பற்றி, மலையகத்தைப் பற்றி, ஒரு தொடர் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்க?
– மாணவி, பண்டாரவளை

பதில்: நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, 2023இல் மலையகம் 200 என்று சொல்லி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நம் ஆட்கள் நடந்தார்களே, அந்தப் பாதையை வைத்துத் தொடங்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். கப்பல், காடு, காலரா. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு பெரிதாக எடுக்கக் காசு யாரிடம் இருக்கிறது மகள்? நான் சொல்லும் இடத்துக்கு ஒரு தராசும் பத்துப் பேரும் போதும்.

பறித்த தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடம். என் அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தராசில் இருக்கிற எண்ணும் தெரியாது. ஆனால் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளும். 'இன்னைக்கு நாலு மணிக்கு நின்னுச்சு, நேத்து மூணே முக்கால்' என்று வீட்டில் வந்து சொல்லும். தராசு அம்மாவுக்கு ஒரு கடிகாரம். ஈரத்துக்கு, கூடைக்கு என்று இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். அதுவும் அம்மாவுக்குத் தெரியும். ஒரு நாள் மழை இல்லை, கொழுந்தில் ஈரமும் இல்லை. முள் நின்ற இடம் ஒன்று, கணக்கப்பிள்ளை வாயால் சொன்னது வேறொன்று. வழக்கமாகக் கழிப்பதற்கு மேல் இன்னும் இரண்டு போயிருந்தது. அம்மா சண்டை போடவில்லை. கூடையைக் கொக்கியிலிருந்து எடுக்கவும் இல்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் வரிசை நிற்கிறது, யாரோ இருமுகிறார்கள், ஒரு கிழவி மட்டும் 'எடு பொண்ணு, நேரமாகுது' என்கிறது. நான் பள்ளிக்கூடப் பையோடு ஓரத்தில் நிற்கிறேன். அம்மாவின் காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் கணுக்காலுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் துடைக்கக்கூட அது குனியவில்லை. குனிந்தால் முள்ளிலிருந்து கண் போய்விடும்.

கணக்கப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பென்சிலை நாக்கில் தொட்டுப் பதினாலை வெட்டிப் பதினாறு என்று எழுதினார்.

எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள். நடிக்கிற பிள்ளைக்குக் கூடைக் கயிறு தலையில் எந்த இடத்தில் உட்கார வேண்டும், படங்குச் சாக்கை இடுப்பில் எப்படிச் சுற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நானே வருகிறேன். பஸ் காசு மட்டும் கொடுத்தால் போதும்.