வானவில்லைச் சுட்டிக்காட்டினால் விரல் அழுகும் என்கிறார்களே, உண்மையா?

அழுகாது. சின்ன வயதில் நீங்களும் காட்டிவிட்டுப் பயந்திருப்பீர்கள். நீங்கள் காணும் வில் சில மழைத்துளிகளில் பட்டு வரும் ஒளி, பக்கத்தில் நிற்பவர் காண்பது வேறு துளிகளில் பட்டு வருவது. சுட்டிக்காட்ட அங்கே ஒரு பொருளே கிடையாது.

ஆனால் இதை நம்புவதை வைத்து, வட இலங்கையின் எங்கள் வன்னிச் சனத்தை அறிவில்லாதவர்கள் என்றால் எனக்குப் பொறுக்காது. ராபர்ட் பிளஸ்ட் என்ற மொழியியலாளர் இந்தோனேசியாவில் இந்தத் தடையைக் கேள்விப்பட்டுத் தேடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசுவோரிடம் அதைக் கண்டார்.

ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்த என் அப்பப்பா சொல்வார்: காலையில் மேற்கே வில் போட்டால் மழை நம்மைக் கடந்துவிட்டது, பின்னேரம் கிழக்கே போட்டால் சாக்கை எடு. ஐரோப்பியர் சொல்வது இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது, நமக்கு வாடைக்காற்றுக் காலத்தில் வடகிழக்குக் கடலிலிருந்து. வில் எப்போதும் சூரியனுக்கு எதிரே, 42 பாகை ஆரத்தில் நிற்பது. ஆகவே பின்னேர வில் என்றால் மழை கிழக்கே நின்று நம்மை நோக்கி வருகிறது.

ஒரு மாசி மாதம் மாரிமழையில் விளைந்த காலபோக நெல்லைக் காயவிடத் தார் ரோட்டில் பரப்பியிருந்தோம். வெயில் சுட்டது. கிழக்கே இரட்டை வில். வெளிவில்லில் நிறங்கள் தலைகீழாக, இரண்டுக்கும் நடுவே வானம் கறுத்து. நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். அப்பப்பாவோ வில்லின் அடியை மட்டும் பார்த்துவிட்டுப் பலகையை எடுத்து நெல்லைக் குவிக்கத் தொடங்கினார். படங்கை, அதாவது தார்ப்பாயை, இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் மழை கொட்டியது. பக்கத்து வீட்டாரின் நெல் வெள்ளத்தோடு வாய்க்காலுக்குப் போனது.

சித்திரை இடிமழைக்கு இந்தக் கணக்குச் சரிவராது, முகில் எங்கிருந்தும் எழும். எனக்கும் தெரியும், அதைச் சொல்லிப் பாடம் எடுக்க வேண்டாம்.

இத்தனை வருடமாகியும் எங்கள் பக்கம் நெல் காயவிட ஒரு சீமெந்துத் தளம் இல்லை. ரோட்டில் பரப்பினால் வாகனக்காரர் ஏசுகிறார்கள். ஈரத்தோடு கொண்டுபோனால் வியாபாரி மூட்டைக்கு மூட்டை நிறை கழிக்கிறார். எத்தனை கிலோ கழிப்பது என்பதையும் அவரே முடிவு செய்கிறார், தராசும் அவருடையதுதான்.