அமெரிக்காவில் வளரும் ஆப்பிரிக்க வம்சாவளி இளையோருக்குத் தங்கள் மரபை எவ்வாறு அறிமுகப்படுத்துவது?

கண்டத்தின் வரலாற்றை முதலிலேயே விரிக்காமல், வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரு பாட்டிலிருந்தோ கைவேலையிலிருந்தோ தொடங்குவதே நல்லது என்பேன். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்தவர்களான, அமெரிக்காவின் ஜார்ஜியா கடலோரக் கல்லா கீச்சி மக்களில் ஒருவரான அமீலியா டாலி பொருள் அறியாமலேயே பாடிவந்த பாட்டொன்றை மொழியியலாளர் லொரென்சோ டர்னர் 1930களில் ஒலிப்பதிவு செய்தார். அது சியரா லியோனின் மெண்டே மொழியில் இறுதிச் சடங்கின்போது பாடப்படுவது எனப் பின்னர் தெரியவர, அமீலியாவின் மகள் மேரி மொரான் 1997இல் அப்பாட்டு வழங்கிய ஊருக்கே சென்றார். எல்லோருக்கும் இத்தகைய பாட்டு வாய்க்காதுதான். ஆனால், உலர்ந்த புல்லைச் சுருளாகச் சுற்றி, கரண்டிக் காம்பைத் தேய்த்துச் செய்த கருவியால் துளையிட்டு, ஓலைக்கீற்றால் இறுக்கிக் கூடை முடையும் பிள்ளையிடம், இந்த முடையும் முறை மேற்கு ஆப்பிரிக்க நெல் உழவரோடு வந்தது என்று சொன்னால், அடுத்த கேள்வியை அப்பிள்ளையே கேட்கும். செலவு மிகுந்த பயணத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.